ஆர்மோனியக் கட்டையும் தஞ்சைப் பண்டிதரும்



ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். மாமனார் அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரர். மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாளாம். அவளுக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆசை. தகப்பனாரோ, "குலை வெட்டுகிறவன் பிள்ளைக்குப் பாட்டும் பெட்டியும் எதற்கு? அது சோறு போடுமா?" என்கிறார். "நான் யார் பக்கம் பேசுவது ஐயா?" என்று முடித்திருக்கிறார் சகோதரி.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துப் பஜனைமடம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஓர் ஆர்மோனியம் இருந்தது. துருத்தியில் கிழிசல், அதன் மேல் சைக்கிள் டியூப் ஒட்டு. இரண்டு கட்டைகள் அமுக்கினால் எழுந்திருக்காது. வாசிப்பவரே விரலால் தூக்கிவிட வேண்டும். சனிக்கிழமை இரவு அந்தப் பெட்டி ஊதத் தொடங்கினால் லயத்துக் கடைசி வீடு வரை கேட்கும். மறுநாள் பெரட்டில் நிற்கும்போதும் அதே சுரம் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

சகோதரியின் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒருவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை இருக்கிறதே, அந்தப் பன்னிரண்டின் கணக்கைத் தேடித் தம் சொத்தையும் பல ஆண்டு உழைப்பையும் செலவழித்தவர் அவர். பெயர் ஆபிரகாம் பண்டிதர்.

வடகரைப் பையன்

தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரை என்று ஓர் ஊர். அங்கே முத்துசாமி, அன்னம்மாள் தம்பதியருக்கு 1859 ஆகஸ்டு 2ஆம் தேதி பிறந்தவர் ஆபிரகாம். எளிய கிறிஸ்தவக் குடும்பம். படித்து ஓர் உபாத்தியாயர் ஆகிவிட்டாலே பெரிய காரியம் என்று எண்ணிய காலம். பையன் திண்டுக்கல்லுக்குப் போய் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான்.

பயிற்சி ஒரு பக்கம் நடக்க, கை சும்மா இருக்கவில்லை. புகைப்படம் எடுக்கப் படித்தான். அச்சுத் தொழிலைப் பார்த்துக்கொண்டான். திண்டுக்கல்லில் சடையாண்டி பத்தர் என்ற வித்துவானிடம் பிடில் கற்றான். மூலிகை மருத்துவத்தில் மோகம் பிறந்து சுருளி மலைக்குப் போய், கருணானந்தர் என்ற முனிவரை அடுத்து மருந்து முறைகளைக் கேட்டுக்கொண்டான். பின்னாளில் அவர் செய்த மருந்துக்கும், வாங்கிய நிலத்துக்கும், எழுதிய புத்தகத்துக்கும் அந்தக் குருவின் பெயரையே வைத்தார். செய்ந்நன்றி மறவாதவர்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அம்மையாரும் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்கு வந்து நேப்பியர் சீமாட்டி பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். 1890இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மருத்துவத்தில் இறங்கினார் பண்டிதர். மனைவியும் மருந்து வேலையில் தோளோடு தோள் நின்றார். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்ற பெயர் ஊர் ஊராய்ப் பரவிக் கடல் கடந்தும் போயிற்று.

மூலிகைக்காகத் தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். ஊரார் வாயில் அது பண்டிதர் தோட்டம். மூலிகையோடு கரும்பும் மற்றப் பயிர்களும் புதுமுறையில் வளர்த்தார். சென்னை கவர்னர் லாலி துரையே வந்து பார்த்துப் போனார். மின்சாரத்தால் ஓடும் அச்சகம் ஒன்று வைத்து அதற்கு லாலி அச்சகம் என்று பெயர் வைத்தார். அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இந்த இடத்தில் நின்றிருந்தால் அவர் ஒரு பணக்கார வைத்தியர், அவ்வளவுதான். இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பன்னிரண்டா, இருபத்திரண்டா?

பிடில் கற்ற நாளிலிருந்தே அவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ச-விலிருந்து மேல் ச வரை எத்தனை சுருதி? சங்கீதம் தெரிந்தவர்கள் இருபத்திரண்டு என்பார்கள். பரதரும், 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவரும் சொன்ன கணக்கு அது. ஆனால் வீணையைப் பார்த்தால் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுத்தான் இருக்கிறது. ஆர்மோனியத்திலும் வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து, ஆகப் பன்னிரண்டு. வாயால் சொல்வது ஒன்று, கையால் வாசிப்பது ஒன்றா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கடினமில்லை. ஒரு கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினால் ஒரு நாதம் கேட்கும்; அதை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ச. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ப. இந்த ப-வையே புதிய ச-வாக வைத்து அதற்கு ஒரு ப, அதற்கும் ஒரு ப என்று போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டாம் முறை புறப்பட்ட ச-வுக்கே வந்து சேர வேண்டும்.

வந்து சேருவோம். ஆனால் சரியாக அல்ல, ஒரு மயிரிழை தள்ளி. பன்னிரண்டு படி ஏறி வாசலுக்கு வந்தால், வாசற்படி ஒரு விரற்கடை கீழே நிற்பது போல. இந்த விரற்கடையை எங்கே ஒளிப்பது என்பதுதான் உலகத்து இசைக்கருவி செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவலி.

ஜெர்மனியில் ஒரு கோயில் வாத்தியக்காரர்

இதே தலைவலி ஐரோப்பாவிலும் இருந்தது. அங்கே மாதாகோயில்களில் ஆர்கன் என்ற மாபெரும் குழல் வாத்தியம் உண்டு. நம் ஆர்மோனியத்துக்குப் பாட்டன் என்று சொல்லலாம். அதை வாசிப்பதில் பேர்போனவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் பாக். 1685இல் பிறந்து பத்து வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்தவர். அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணன் பூட்டிவைத்த இசைச் சுவடியை இரவில் திருட்டுத்தனமாக எடுத்து நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் நகல் எடுத்தார் என்றும், அண்ணன் கண்டுபிடித்து அதைப் பறித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். இருபது வயதில், புக்ஸ்டஹூட என்ற கிழவர் ஆர்கன் வாசிப்பதைக் கேட்பதற்காக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நான்கு வாரம் லீவு கேட்டவர் நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். மேலிடத்தில் நல்ல திட்டு விழுந்தது.

இந்தப் பாக் 1722இல், பன்னிரண்டு கட்டையில் எந்தக் கட்டையைச் ச-வாக வைத்தாலும் வாசிக்க முடியும் என்று காட்ட, கட்டைக்கு இரண்டு வீதம் இருபத்துநான்கு ஜோடி உருப்படிகள் எழுதினார். அந்த விரற்கடையை ஒரே இடத்தில் குவிக்காமல் எல்லாப் படிக்கும் பிரித்துவிட்டால் எந்தக் கட்டையும் காதைக் குத்தாது. பின்னாளில் எல்லாப் படியும் ஒரே அளவு என்றே வைத்துவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு சம படிதான் 1840களில் பாரிசில் பிறந்த ஆர்மோனியத்தில் ஏறி, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டியாக மாறியது. எங்கள் தோட்டத்துப் பஜனைமடத்துப் பெட்டியும் அதன் பேரப்பிள்ளைதான்.

பாக்குக்கும் பாட்டு வசதியாகச் சோறு போட்டுவிடவில்லை. லைப்சிக் நகரில் வேலை பார்த்தபோது 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், போன வருஷம் ஊரில் நல்ல காற்று, சாவு குறைந்துவிட்டது, அதனால் சாவு வீட்டு வரும்படியில் நஷ்டம் என்று புலம்பியிருக்கிறார். அவருக்கு இருபது பிள்ளைகள். பிழைத்து வளர்ந்தவர்கள் பாதிப் பேர். 1750இல் அவர் கண்மூடிய பிறகு அவர் இசையை இசைவாணர்களே படித்தார்கள். ஊர் உலகம் ஏறக்குறைய மறந்துவிட்டது. 1829இல் மெண்டல்சன் என்ற இருபது வயது இளைஞர் அவருடைய பெரிய இசைநாடகம் ஒன்றைத் தேடியெடுத்து அரங்கேற்றிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

ஏழு ஆய்ச்சியர்

நம் பண்டிதருக்கு வருவோம். மேல்நாட்டு இசையையும் அவர் படித்தார். ஆனால் விடை வேறோர் இடத்தில் கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்திருந்தார். கோவலன் கண்ணகி கதை என்று மற்றவர்கள் படித்ததை, பண்டிதர் இசைக்கணக்காகப் படித்தார்.

ஆய்ச்சியர் குரவை நினைவிருக்கிறதா? மதுரைச் சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கெடுதி வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்கு வைக்கிற பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழு பெண்கள், ஏழு சுரங்கள். பால் கறக்கிற வீட்டுப் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறபோதே ச ரி க ம ப த நி நிற்கிறது! அந்த வட்டத்தைப் பன்னிரண்டு ராசி வீடுகளாகப் பிரித்துச் சுரங்களை நிறுத்தும் முறையை இளங்கோவடிகளும் பழைய உரைகாரர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

பண்டிதர் குரலுக்கு இளி, அந்த இளிக்கு ஓர் இளி என்று வட்டத்தைச் சுற்றினார். ஆயப்பாலைக்குப் பன்னிரண்டு, வட்டப்பாலைக்கு இருபத்துநான்கு, திரிகோணப்பாலைக்கு நாற்பத்தெட்டு, சதுரப்பாலைக்குத் தொண்ணூற்றாறு என்று கணக்குக் கட்டினார். எல்லாம் சம அளவு. பழந்தமிழர் கணக்கு இருபத்திரண்டு அல்ல, இருபத்துநான்கு என்று முடிவு கட்டினார். இன்று கர்நாடக சங்கீதம் என்று சொல்வதன் வேர் பழந்தமிழ்ப் பண்ணில் இருக்கிறது என்பதும் அவர் வாதம்.

கைப்பணத்தில் மாநாடு

ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் உலகம் ஒப்புக்கொள்ளுமா? பண்டிதர் 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு மே மாதம் முதல் மாநாடு. வித்துவான்களை அழைத்து, வழிச்செலவு கொடுத்து, சாப்பாடு போட்டு, "என் கணக்கு தவறென்றால் காட்டுங்கள்" என்றார். தொடர்ந்து பல மாநாடுகள் நடந்தன. பணம் அவருடையது, மருந்து விற்றுச் சேர்த்த பணம்.

1916 மார்ச் மாதம் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டின் பெரிய பண்டிதர்கள் வந்திருந்தார்கள். இருபத்திரண்டு சுருதிக்காகவே தேவல் என்பவரும் கிளெமெண்ட்ஸ் என்ற ஆங்கில நீதிபதியும் தனியாக ஓர் ஆர்மோனியம் செய்வித்திருந்த காலம் அது. அந்தச் சபைக்குத் தஞ்சாவூரிலிருந்து போன பண்டிதர், தம் வீட்டுப் பெண்களான மரகதவல்லியையும் கனகவல்லியையும் கூட்டிப் போனார். அவர் கணக்கைச் சொல்ல, அவர்கள் சபை நடுவே பாடியும் வீணை மீட்டியும் மெய்ப்பித்துக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் மேடை ஏறுவதைக் குறைவாகப் பேசிய நாளில் இது நடந்தது. மகளை அனுப்பத் தயங்கும் தகப்பன்மார் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். சொந்த அச்சகத்தில் அச்சிட்ட புத்தகம். அதற்கு முன்பே, 1907இல், தமிழில் தாம் இயற்றிய உருப்படிகளைச் சுரத்தோடு தொகுத்து வெளியிட்டிருந்தார். அந்த நாளில் பாட்டுப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்குத் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் பாடம். அர்த்தம் தெரியாமல் பாடுகிற பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்த பாட்டைக் கொடுத்தார் பண்டிதர்.

1919 ஆகஸ்டு 31ஆம் தேதி காலமானார். வயது அறுபது. கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகத்தை 1946இல் வெளியிட்டவர் மகள் மரகதவல்லி. பரோடாவில் அப்பாவின் கணக்குக்குச் சாட்சி சொன்ன அதே மகள்.

அவர் போட்ட விதை வீணாகவில்லை. தமிழ்ப் பாட்டு மேடையில் வேண்டும் என்று 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1947இல் விபுலானந்த அடிகள் யாழ் நூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தில் இசை தேடிய எல்லாருக்கும் பண்டிதரின் புத்தகம் ஒரு படிக்கட்டு. அவருடைய இருபத்துநான்கை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு என்பவர்கள் இன்றும் உண்டு. நம் பாடகர் ஒரு சுரத்தை அசைத்து இழைத்துப் பாடும்போது எந்தக் கட்டைக்கும் அடங்காது என்பவர்களும் உண்டு. அந்தக் குறைக்காகவே அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. வானொலி தள்ளிய பெட்டியைத் தோட்டத்துப் பஜனைமடம் தள்ளவில்லை. வித்துவான் கிடைக்காத இடத்தில் பிள்ளைக்குச் சுருதி காட்ட வேறு என்ன இருந்தது நம்மிடம்?

சகோதரிக்குப் பதில்

இப்போது உங்கள் கேள்வி. யார் பக்கம் பேசுவது?

முதலில் உங்கள் கணவர் பக்கம் பேசுகிறேன். சோறு போடுமா என்று அவர் கேட்டதில் தப்பில்லை. பாக்குக்கே சாவு வீட்டு வரும்படியை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. பண்டிதருக்குச் சோறு போட்டது மருந்து. சங்கீதம் அவர் சோற்றைத் தின்றது. ஏணி வைத்துச் செம்பனைக் குலையை எட்ட முடியாது; நீண்ட அரிவாள் கம்பைத் தூக்கி அண்ணாந்தே கழுத்து ஒடிகிற வேலை அது. அந்தக் கழுத்து வலியோடு வீட்டுக்கு வருகிறவர் காசைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

ஆனால் தம்பி, நான் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மகள் பெட்டி வாங்கித் தரச் சொல்லவில்லையே? பெரியவர் பக்கத்தில் உட்காரத்தானே அனுமதி கேட்கிறாள். பண்டிதரும் வித்துவானாகப் பிறக்கவில்லை. உபாத்தியாயர் வேலைக்குப் படிக்கப் போன இடத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் கற்றார். பாக்கும் ஒரு கிழவர் வாசிப்பதைக் கேட்கத்தான் நடந்தார். யார் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இப்போது பெட்டி வாங்க வேண்டாம். வாரம் இரண்டு நாள், பள்ளிப் பாடம் முடிந்த பிறகு, அம்மாவோ பாட்டியோ துணைக்கு உட்கார, பெரியவரிடம் அனுப்புங்கள். முதல் ஆறு மாதம் கட்டையைத் தொட விடாமல் வாயால் ச ரி க ம பாடச் சொல்லுங்கள். பெட்டி சுருதிக்கு மட்டும். தொண்டையில் சுரம் நின்ற பிறகு விரல் தானாகப் போகும். ஒரு வருஷம் கழித்தும் அந்த ஆசை தணியாமல் இருந்தால் அப்போது பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். சிரம்பானில் விசாரித்தால் பழைய பெட்டி கூடக் கிடைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நெகிரி செம்பிலானில் எத்தனை தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன! லயங்கள் போயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பஜனைமடமும் இப்போது இல்லை. அந்தச் சனிக்கிழமைப் பாட்டுகளில் பாதி, பாடிய பெரியவர்களோடேயே போய்விட்டன. உங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இன்னும் உட்கார்ந்து வாசிக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து கேட்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் வாய்த்திருக்கிறது, சகோதரி. அதைக் கலைத்துவிடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து மகள் என்ன பாடுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள். தகப்பனார் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.